பாம்புக்கு எவ்வளவு இடம் போதும்?

பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் வரும். என்ன பாம்பு வாங்குவது என்பது முதல் கேள்வி. அதை எதில் வைப்பது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதுக்கும் அவரிடமே பதில் இருக்கும். கடையில் எந்த அளவுப் பெட்டி மிச்சம் இருக்கிறதோ அதுதான் அந்தப் பதில். நான் பேச நினைப்பது இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றி. பெட்டியின் நீள அகலம் தச்சருக்கும் கண்ணாடிக் கடைக்கும் உரிய சமாச்சாரம் போலத் தெரியும். கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. இன்னோர் உயிருக்கு இவ்வளவு இடம் போதும் என்று முடிவு செய்கிற தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புதுசு. ரந்தாவ், லிங்கி, கோலப்பிலா, பகாவ் பக்கத்து ரப்பர் காடுகளில் பாம்பும் மனிதரும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரிதான் இருந்தார்கள். விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்கள், காலடியில் என்ன கிடக்கும் என்று தெரியாமல்தான் நடந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் பாம்பு போகவில்லை. உதிர்ந்த பழத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பாம்பு வந்தது. மலைப்பாம்புக்கும் விஷம் துப்பும் கருநாகத்துக்கும் செம்பனைக் காடு நல்ல சாப்பாட்டுக்கடை. பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1995இல், நம் எல்லைக்குப் பக்கத்தில், ஜொகூர் சிகாமாட்டில் மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரை மலைப்பாம்பு கொன்றது. அதனால் லயத்தில் ‘பாம்பு, பாம்பு’ என்று சத்தம் கேட்டால் எல்லாரும் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாராங் கத்தி, செம்பனை மட்டை, கொதிக்கிற தண்ணீர் எல்லாம் வரும். அடித்த பிறகு ஒரு காசை வைத்துப் புதைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் இருந்தார்கள்.

இரண்டு தலைமுறை தாண்டிவிட்டது. அந்தத் தோட்டங்களில் பல இன்று தாமான்களாகிவிட்டன. நீலாய், செனவாங், செண்டாயான் பக்கம் போனால் ரப்பர் நின்ற மேட்டில் இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பாம்பை அடித்தவரின் பேரன் அங்கே வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்க்கிறான். அதற்குப் பெயர் வைத்திருக்கிறான். வாரம் ஒரு எலி வாங்கிப் போடுகிறான். இது கெட்டுப்போன காலத்தின் அடையாளம் என்று நான் சொல்ல மாட்டேன். பார்த்தவுடனே கொல்கிற கையைவிட, எடுத்துப் பார்க்கிற கை ஒரு படி மேல்தான். ஆனால் கொல்லாமல் இருப்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறதா?

முதலில் கைவேலைக் கணக்கைப் பார்த்துவிடலாம். கடைகளில் அதிகம் விற்பது ‘பால் பைத்தான்’ என்று சொல்லப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. வளர்ந்தால் ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது முப்பது வருஷம் உயிரோடு இருக்கும். அதற்குப் பெட்டியில் ஒரு பக்கம் 30 முதல் 32 பாகை வரை வெப்பமும் மறுபக்கம் 25 முதல் 27 பாகையும் இருக்க வேண்டும். பாம்புக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. சூடு வேண்டுமென்றால் இங்கே வரும், குளிர்ச்சி வேண்டுமென்றால் அங்கே போகும். போக்கிடம் இல்லாத பெட்டியில் அது வெந்துபோகும், இல்லாவிட்டால் விறைத்துப்போகும். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் இடம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் பயத்துக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒன்றைத்தான் அது தேர்ந்தெடுக்க முடியும். உடம்பு முழுவதும் முங்குகிற அளவுக்குத் தண்ணீர்ப் பாத்திரம் வேண்டும். காற்றுப் போகிற வழி வேண்டும். பாம்பால் தள்ளித் திறக்க முடியாத பூட்டு வேண்டும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. பாம்பு வளர்ப்பது பற்றிய புத்தகங்களும் காணொளிகளும் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் செய்தவை. பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்றே அவை விளக்கும். நமக்கு அது பிரச்சினையே இல்லை. தகரக் கூரை போட்ட வீட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னல் ஓரம் வைத்த கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். வேலைக்குப் போனவர் சாயங்காலம் திரும்பி வரும்வரை உள்ளே இருப்பது யாரையும் கூப்பிட முடியாது. இந்தச் சீதோஷ்ணத்தில் நல்ல பெட்டி என்றால் முதலில் குளிர்ந்த மூலை உள்ள பெட்டி என்று அர்த்தம்.

இவ்வளவும் கருவியால் அளக்கக் கூடியவை. சண்டை வருவது நீளத்தில். பாம்பு தன் உடம்பை முழுசாக நீட்டிப் படுக்க முடிகிற அளவு பெட்டி வேண்டுமா? வேண்டாம் என்று பல காலம் சொல்லி வந்தார்கள். வணிகத்துக்காகப் பாம்பு வளர்ப்பவர்கள் அலமாரி இழுப்பறை மாதிரி அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்களில் வைப்பார்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “அண்ணே, அது சும்மா சுருண்டுதான் கிடக்கு. எங்கே போகப் போகுது? பெரிய இடத்துல விட்டா பயந்துக்கும்.”

இந்தப் பதிலில் பாதி உண்மை. ஒளிவிடம் இல்லாத பெரிய காலிப் பெட்டியில் பாம்பு மிரளும், சாப்பிடாமல் போகும். அதற்குச் செய்ய வேண்டியது பெரிய பெட்டியில் ஒளிவிடங்களைக் கூட்டுவது. பெட்டியைச் சின்னதாக்குவது அந்தப் பிரச்சினைக்கு மருந்தாகாது. 2019இல் கிளிஃபர்ட் வார்விக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, இடம் கிடைக்கிற பாம்புகள் உடம்பை நேராகவோ ஏறக்குறைய நேராகவோ நீட்டிக்கொள்வதைப் பதிவு செய்து, நீட்ட முடியாத பெட்டி பாம்புக்கு நல்லதல்ல என்று வாதிட்டது. 2021இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோளப்பாம்புகளைச் சின்னப் பெட்டியிலும் பெரிய பெட்டியிலும் வைத்துப் பார்த்தார்கள். பிறகு இரண்டுக்கும் போய்வர விட்டார்கள். பாம்புகள் பெரிய பெட்டியில்தான் அதிக நேரம் இருந்தன, முக்கியமாக நடமாடுகிற நேரங்களில். இதை நிரூபிக்க ஓர் ஆய்வு வேண்டியிருந்ததா என்று சிரிப்பு வரலாம். ஆனால் அவர்கள் செய்தது எளிய காரியம். கதவைத் திறந்து வைத்து, நீ எங்கே இருக்கிறாய் என்று பாம்பிடமே கேட்டார்கள். அதற்குமுன் அந்தக் கேள்வி பெரும்பாலும் வளர்ப்பவரிடம்தான் கேட்கப்பட்டது.

‘பால் பைத்தான்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். அதன் பயத்தைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். பிறகு அதே சுருளைக் காட்டி, பாருங்கள் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்கிறோம். பாம்புக்குக் கத்தத் தெரியாது. வாலாட்டத் தெரியாது. முகத்தில் தசை அசைந்து வலியைக் காட்டாது. கண்ணாடி மூலையில் மூக்கை உரசிக்கொண்டே இருக்கும், சாப்பிட மறுக்கும், அவ்வளவுதான். அதைப் படிக்கத் தெரியாதவருக்கு எல்லாம் அமைதியாகத்தான் தோன்றும். அசையாமல் இருப்பது நிம்மதியின் அடையாளமாக இருக்கலாம். போக வழியில்லை என்று தெரிந்துகொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். வெளியே நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

‘அதுக்கு அது போதும்’ என்கிற வாசகம் தோட்டத்துப் பிள்ளைகளின் காதுக்குப் புதியதல்ல. தோட்டத்து லயத்து வீடு எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓர் அறை, முன்னால் ஓர் அஞ்சடி, பின்னால் ஒரு குசினி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதற்குள் அம்மா, அப்பா, ஏழெட்டுப் பிள்ளைகள். மேட்டில் துரையின் பங்களா. அந்த வீட்டின் அளவைத் தீர்மானித்தவர்கள் யாரும் அதில் ஓர் இரவுகூடப் படுத்ததில்லை. இவங்களுக்கு இது போதும், இதுவே இவங்க ஊர்ல கிடைக்காது என்ற நினைப்பில் கட்டிய வீடு அது. உள்ளே இருந்தவர்கள் சத்தம் போடாமல் இருந்ததையே சம்மதம் என்று கணக்கு எழுதிக்கொண்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வைத்து ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 1990இல் சட்டம் 446 வந்தது. அது 2019இல் திருத்தப்பட்டு, 2020இல் வந்த விதிமுறைகளில் ஒரு தொழிலாளி படுக்க இத்தனை சதுர மீட்டர் என்று எண்ணே குறிக்கப்பட்டது. பொதுத் தங்கும் கூடத்தில் ஆளுக்கு 3, மற்ற வகை வீடுகளில் ஆளுக்கு 3.6. இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் தாத்தா பாட்டிகள் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். சட்டம் நல்லதுக்குத்தான். ஆனால் குறைந்தபட்சம் என்று எழுதிய எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. இதற்குக் கீழே போகாதே என்று எழுதினால், இதற்கு மேலே போகத் தேவையில்லை என்று அதைப் படிக்கிறவர்கள் இருப்பார்கள். பாம்புப் பெட்டிக்கும் இதேதான் நடக்கிறது. ‘குறைந்தது இவ்வளவு’ என்று யாரோ எழுதி வைத்த அளவே எல்லாரும் வாங்குகிற அளவாகிவிடுகிறது.

தோட்டத்து மக்களையும் கூண்டுப் பாம்பையும் ஒரே பேச்சில் கொண்டுவருவது எனக்கும் உறுத்துகிறது. நம்மைப் பாம்போடு ஒப்பிடுகிறாயா என்று ஒருவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் நியாயம். ஆகவே வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். போதாது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. எது போதாது என்று பட்டியல் போட்டுச் சொல்ல முடிந்தது. அரசு துப்பாக்கியோடு வந்து அடக்கினாலும் சொன்னது சொன்னதுதான். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. மனிதன் உள்ளே இருந்துகொண்டே கதவைத் தட்டுவான். பாம்பு ஒருநாளும் தட்டாது.

இந்த வித்தியாசத்தை வைத்து, பாம்புக்கு நாம் கடன்பட்டது குறைவு என்று சிலர் முடிவு செய்வார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. ‘போதும்’ என்பது உள்ளே இருக்கிறவர் சொல்ல வேண்டிய சொல். உள்ளே இருப்பதற்கு வாய் இல்லை என்றால், அதன் பக்கத்து வக்கீலாகவும் நாமே இருந்தாக வேண்டும், நமக்கு எதிராகவே வாதாடி. தன் வழக்கில் தானே நீதிபதியாக உட்கார்கிறவர் சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும்? எதிர்ப்பக்கம்தான். நாலடிப் பெட்டியா ஆறடிப் பெட்டியா என்று தடுமாறினால் ஆறடி. ஆறடிக்கு வீட்டில் இடமில்லை என்றால் பாம்புக்கும் இடமில்லை.

சட்டமும் இதில் ஒன்று சொல்கிறது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை வைத்திருக்க பெர்ஹிலிதானிடம் உரிமம் எடுக்க வேண்டும். நம் காட்டு மலைப்பாம்புகள் அந்தப் பட்டியலில் இருப்பவை. விலங்கின் சௌகரியத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒவ்வாத இடத்தில் அதை அடைத்துத் துன்பப்படுத்துவதை அதே சட்டம் குற்றம் என்கிறது. குலை வெட்டும்போது கிடைத்த குட்டி மலைப்பாம்பைத் தகர டின்னில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வருகிறவர் பல நேரம் பாவம் பார்த்துத்தான் கொண்டு வருகிறார். ஆனால் அந்தக் குட்டி உலகத்திலேயே நீளமான பாம்பு இனத்தைச் சேர்ந்தது. அது வளரும் அளவுக்கு எந்தத் தாமான் வீட்டிலும் பெட்டி கட்ட முடியாது. அதற்கு ஏற்ற கூண்டு எது என்ற கேள்விக்கு நேர்மையான பதில், அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான்.

அடைத்து வைப்பது எப்போதும் தப்பா என்றால், அப்படியும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து வந்து, பாம்புக்கடி மருந்துக்காக விஷம் எடுப்பார்கள். பாம்புகளை வைப்பது மண்பானையில், வாயைத் துணியால் கட்டி. பானை சின்னது. நீட்டிப் படுக்க இடம் கிடையாது. நான் மேலே சொன்ன அளவுகோலில் அந்தப் பானை தேறாது. ஆனால் அந்தப் பானைக்கு ஒரு கெடு உண்டு. சில வாரங்களில் சில தடவை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, பாம்பைக் காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி பிடிபட்டால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். அங்கே அடைப்பதற்குக் காரணமும் இருக்கிறது: அந்த விஷத்திலிருந்து செய்த மருந்து வயலில் கடிபட்டவரைக் காப்பாற்றுகிறது. அழகான கண்ணாடிப் பெட்டியில் முப்பது வருஷமா, மண்பானையில் நாலு வாரமா என்று பாம்பைக் கேட்க முடிந்தால் அது என்ன சொல்லும்? இடத்தின் அளவை மட்டும் பேசிக் காலத்தின் அளவை விட்டுவிட்டால் கணக்கு தப்பாகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் தோட்டங்களிலேயே வேறு இரண்டு ஏற்பாடுகளைப் பார்க்கலாம். ஒன்று புற்றுக்கோயில். ரப்பர் மரத்தடியில் கரையான் கட்டிய புற்று. அதற்கு மஞ்சள் பூசி, சிவப்புத் துணி சுற்றி, மேலே நாலு தகரம் போட்டிருப்பார்கள். அங்கே வேலி உண்டு. ஆனால் வேலி மனிதருக்குத்தான். செருப்பைக் கழற்று, இதற்குமேல் கிட்டே போகாதே, மத்தியான நேரத்தில் போகாதே என்று கட்டுப்பாடெல்லாம் நமக்கு. பாம்பு வரலாம், போகலாம், வராமலும் இருக்கலாம். பக்தியிலும் தப்பு உண்டு. பாம்புக்குப் பால் உணவல்ல, புற்றுக்குள் பாலை ஊற்றுவது அதற்கு நன்மையும் அல்ல. ஆனால் யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் தெளிவாக இருந்தார்கள். இன்னொன்று செம்பனைக் காட்டில் கம்பத்தின் மேல் நிற்கும் ஆந்தைப் பெட்டி. எலியைக் கட்டுப்படுத்தக் கூகை ஆந்தைகள் வந்து தங்கட்டும் என்று தோட்ட நிர்வாகங்கள் பல ஹெக்டேருக்கு ஒன்றாக அந்தப் பெட்டிகளை வைக்கின்றன. அதற்குக் கதவே கிடையாது. பிடித்தால் ஆந்தை தங்கும். பிடிக்காவிட்டால் பெட்டி காலியாகக் கிடக்கும். காலியாகக் கிடந்தால் பெட்டியில் குறை என்று நிர்வாகம் இடம் மாற்றிப் பார்க்கும். கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறவருக்கு இப்படி ஒரு தகவல் ஒருபோதும் வராது. அவர் பெட்டி எவ்வளவு மோசமாக இருந்தாலும் நிறைந்தே இருக்கும்.

வளர்ப்பவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். தீயணைப்பு வீரர் அபு ஸாரின் ஹுசின் வீட்டில் ராஜநாகங்களை வைத்திருந்தார். அவர் பாம்பைக் கல்யாணம் செய்துகொண்டார் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் பொய்ச் செய்தி போட்டன. பாம்பின் நடத்தையைப் புரிந்துகொள்ளத்தான் வைத்திருக்கிறேன் என்றார் அவர். வீடுகளுக்குள் வரும் பாம்பைக் கொல்லாமல் பிடிப்பது எப்படி என்று சக வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 2018 மார்ச்சில் பகாங்கில் பாம்பு பிடிக்கும் பணியில் ராஜநாகம் கடித்து, 33 வயதில் இறந்துபோனார். இன்று பாம்பு வந்தால் பாராங்கைத் தேடாமல் பொம்பாவுக்கும் பொதுத் தற்காப்புப் படைக்கும் போன் போடுகிற பழக்கம் நமக்கு வந்திருப்பதில் அவரைப் போன்றவர்களுக்குப் பங்கு உண்டு. பெட்டிக்குள் பாம்பைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வெளியே பாம்பை அடிக்க மாட்டான் என்பதையும் நான் நம்புகிறேன். கூண்டிலேயே பொரித்து வளர்ந்த ஆப்பிரிக்கப் பாம்பைக் கொண்டுபோய்ச் செம்பனைக் காட்டில் விட முடியாது. அது அந்தப் பாம்புக்கும் கேடு, காட்டுக்கும் கேடு. ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் பாவமன்னிப்பு எல்லாம் வேண்டாம், நல்ல பெட்டி கட்டுங்கள் என்பதுதான் சொல்ல வேண்டியது.

ஆனால் அன்பு இருந்தால் போதும் என்கிற வாதத்தை மட்டும் ஏற்க முடியாது. 2016 ஏப்ரலில் பினாங்கு பாயா தெருபோங்கில் மேம்பாலம் கட்டும் இடத்தில் பெரிய மலைப்பாம்பு ஒன்று அகப்பட்டது. எட்டு மீட்டர் இருக்கும் என்றார்கள். உலகச் செய்தியானது. யாரும் அதை அடிக்கவில்லை. பிடித்து, வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்கக் காத்திருந்த சில நாட்களுக்குள், முட்டையிடும் நேரத்தில் அது செத்துப்போனது. எல்லாரும் வியந்து பார்த்த பாம்புதான். வியப்பு அதற்கு ஓர் அடி இடம்கூடத் தரவில்லை.

பாம்பு வாங்கலாமா என்று கேட்கிற தம்பிமார்களுக்கு ஒரு யோசனை சொல்வேன். முதலில் பெட்டியைக் கட்டு. வளர்ந்த பாம்பின் நீளத்தை டேப்பில் வைத்துப் பார்த்து, அதைவிட நீளமாகக் கட்டு. ஒளிவிடம், தண்ணீர், வெப்பமானி எல்லாம் வைத்துவிட்டு, பாம்பு இல்லாமலே மூன்று மாதம் வீட்டில் வைத்திரு. மத்தியானம் இரண்டு மணிக்குச் சூடு எத்தனை பாகை என்று எழுதிவை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசி. வேலை மாறினால், கல்யாணமானால், வாடகை வீட்டுக்காரர் கூடாது என்றால் இது எங்கே போகும் என்று யோசி. வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியைக் கழுவு. மூன்று மாதம் கழித்து, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அலுப்பு வந்தால் பெட்டியை யாருக்காவது விற்றுவிடலாம். காலிப் பெட்டிக்கு நட்டம் ஒன்றும் இல்லை.